மனச்சோர்வுக்கு மவுஸ் மருந்தாகுமா?

சில மாதங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒருவர் போன் செய்தார். "கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு சார். ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறீங்களா?" என்றார். கம்ப்யூட்டர் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இது வழக்கமான அழைப்புதான். அவர் ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன், வீடியோவில் பேசுவதற்காக ஒரு புதுக் கம்ப்யூட்டரும் பிராட்பேண்ட் இணைப்பும் வாங்கிக் கொடுத்திருந்தார்.

ஸ்டார்ட்அப்பில் தேவையில்லாத புரோகிராம்கள் ஏழெட்டு இருந்தன. அவற்றை நீக்கிக் கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். டெஸ்க்டாப்பில் ஒரே பெயரில், கடைசி எண் மட்டும் மாறி, வரிசையாகப் பிடிஎப் பைல்கள். டூப்ளிகேட் போலிருக்கிறது, அழித்துவிடலாம் என்று நினைத்து ஒன்றைத் திறந்தேன். உங்கள் மதிப்பெண் 12 என்று ஆங்கிலத்தில் இருந்தது. அடுத்த பைலில் 15. அதற்கடுத்ததில் 19. கடைசியில் 21. எல்லாம் இண்டர்நெட்டில் எடுத்த மனச்சோர்வு டெஸ்ட்டின் முடிவுகள்.

அவர் பக்கத்தில் நின்று கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. பிறகு அவரே சொன்னார். மனச்சோர்வுக்கு நெட்டிலேயே பயிற்சி தரும் ஒரு வெப்சைட்டில் பெயர் பதிவு செய்திருக்கிறார். முதல் பாடத்தை முடித்துவிட்டார். இரண்டாவது பாடத்தைப் பலமுறை திறந்திருக்கிறார், முடிக்கவில்லை. இன்பாக்ஸில் அந்தத் தளத்திலிருந்து வந்த நினைவூட்டல் மெயில்கள் படிக்கப்படாமல் கிடந்தன. "மெயில் அனுப்பிக் கேக்குது சார், ஏன் வரலைன்னு. ஆனா கேக்கறது மெஷின்தானே" என்றார்.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் உடல்நலம் பற்றி நெட்டில் தேடுவது சகஜம். மனம் சரியில்லாதபோது தேடுவது அதைவிட அதிகம். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுவதைக் கூகுளிடம் சொல்லக் கூச்சமில்லை. அங்கே கிடைக்கும் சுயஉதவிப் புரோகிராம்கள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா? எவருக்கு, எவ்வளவு? இது பற்றி ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிறையவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த ஒன்பது கேள்விகள்

முதலில் அந்த டெஸ்ட் என்ன என்று பார்த்துவிடுவோம். நெட்டில் மனச்சோர்வு டெஸ்ட் என்று தேடினால் பெரும்பாலும் உங்கள் முன் வந்து நிற்பது பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமின்மை, தூக்கக் கோளாறு, களைப்பு, பசியில் மாற்றம் போன்றவை உங்களை எத்தனை நாட்கள் தொந்தரவு செய்தன என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. ஐந்துக்கு மேல் லேசானது, பத்துக்கு மேல் நடுத்தரம், பதினைந்துக்கு மேல் சற்றுக் கடுமை, இருபதுக்கு மேல் கடுமை என்று பிரிப்பார்கள்.

இது விளையாட்டு க்விஸ் அல்ல. டாக்டர்களும் பயன்படுத்தும் கேள்வித்தாள்தான். ஆனால் தெர்மாமீட்டர் காய்ச்சலைக் காட்டும், அது மலேரியாவா டைபாய்டா என்று சொல்லாது அல்லவா? அப்படித்தான் இதுவும். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, சில மாத்திரைகள் ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும். அதனால்தான் மதிப்பெண் பத்தைத் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள் என்கிறார்கள்.

ஒன்பதாவது கேள்வி தனி ரகம். செத்துப் போனால் தேவலை என்றோ, தன்னைத்தானே காயப்படுத்திக் கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கும். மொத்த மதிப்பெண் என்னவாக இருந்தாலும், இந்தக் கேள்விக்கு 0 தவிர வேறு எதைக் கிளிக் செய்திருந்தாலும் அடுத்த வேலை கம்ப்யூட்டரில் இல்லை. போனில் இருக்கிறது. எண்களைப் பின்னால் தந்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். பிரவுசரில் உள்ள மொழிபெயர்ப்பு வசதி மூலம் ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கி, அதற்குப் பதில் அளித்து மதிப்பெண் எடுக்காதீர்கள். சமையல் குறிப்புக்கு அது போதும். இதுபோன்ற கேள்விகளில் ஒரு சொல் மாறினால் பொருளே மாறிவிடும்.

இரண்டு வகைப் புரோகிராம்கள்

நெட்டில் உள்ள சுயஉதவிப் புரோகிராம்களில் பெரும்பாலானவற்றை இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். முதல் வகை, எண்ணங்களைத் திருத்தும் வகை. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று தோன்றுகிறதா? அந்த எண்ணத்தை எடுத்து எழுதி, அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று ஒரு வக்கீல் போலக் குறுக்கு விசாரணை செய்யப் பழக்குவார்கள். சிபிடி என்ற சிகிச்சை முறையின் கம்ப்யூட்டர் பதிப்பு இது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹெலன் கிறிஸ்டென்சன், கேத்லீன் கிரிபித்ஸ் குழுவினர் உருவாக்கி 2001ல் வெளியிட்ட மூட்ஜிம் இதில் முன்னோடி. மனதிற்கு ஒரு ஜிம் என்ற பெயரே அழகாக இல்லை?

இரண்டாவது வகை, பாசிட்டிவ் சைக்காலஜி. இதன் தலைமகன் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் செலிக்மன். 1960களில் மனிதனும் விலங்கும் எப்படி 'இனி என்ன செய்தும் பயனில்லை' என்ற நிலைக்குப் போகிறார்கள் என்று ஆராய்ந்தவர் இவர். 1998ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானபோது கேள்வியைத் திருப்பிப் போட்டார். நோயை மட்டும் ஏன் ஆராய வேண்டும், நன்றாக இருப்பவர்கள் எப்படி நன்றாக இருக்கிறார்கள் என்றும் பார்க்கலாமே என்றார். அவருடைய ஆதென்டிக் ஹாப்பினஸ் வெப்சைட் பல லட்சம் பேரை ஈர்த்தது. அந்தக் கூட்டத்தையே தன் ஆய்வுக்கூடமாகவும் ஆக்கிக் கொண்டார்.

ஒரு வாரம், மூன்று நல்ல விஷயங்கள்

2005ல் செலிக்மனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையில் அதிகம் பேசப்படுவது. முழுக்க முழுக்க இண்டர்நெட்டிலேயே நடந்தது. தளத்திற்கு வந்தவர்களில் 577 பேர் சேர்ந்தார்கள். 411 பேர் ஆறு மாதம் வரை எல்லாக் கேள்வித்தாள்களுக்கும் பதில் அளித்தார்கள். ஆறு பயிற்சிகளில் ஏதாவது ஒன்று, சீட்டுக் குலுக்கல் முறையில், ஒவ்வொருவருக்கும் ஒரு வாரத்திற்குக் கொடுக்கப்பட்டது. அந்த ஆறில் ஒன்று டம்மி. தினமும் இரவு சிறுவயது நினைவுகளை எழுதுங்கள் என்பது அது. மருந்து ஆய்வில் சர்க்கரை மாத்திரை கொடுப்பார்களே, அதுபோல.

மற்ற ஐந்தில் இரண்டு நன்றாகத் தேறின. ஒன்று, தினமும் இரவு, அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களையும் அவை ஏன் நன்றாக நடந்தன என்பதையும் எழுதுவது. இன்னொன்று, 24 நற்குணங்கள் கொண்ட ஒரு ஆன்லைன் டெஸ்ட் மூலம் உங்களிடம் மிகுந்திருக்கும் ஐந்து குணங்களைக் கண்டுபிடித்து, அவற்றில் ஒன்றைத் தினமும் புதிய விதத்தில் பயன்படுத்துவது. இந்த இரண்டையும் செய்தவர்களின் மகிழ்ச்சி மதிப்பெண் கூடி, மனச்சோர்வு மதிப்பெண் குறைந்து, ஆறு மாதம் வரை அப்படியே இருந்தது. நன்றிக் கடன்பட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் போய்ப் படித்துக் காட்டும் பயிற்சி பெரிய மாற்றத்தைத் தந்தது, ஆனால் ஒரு மாதம்தான் நின்றது. டம்மி உட்பட மற்றவற்றின் பலன் சில நாட்களில் கரைந்துவிட்டது.

அடுத்து செலிக்மன் மாதச் சந்தா கட்டிச் சேரும் ஒரு வெப்சைட்டைத் தொடங்கினார். அதன் முதல் மாதத்தில் சேர்ந்தவர்களில் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்கள் 50 பேர், மூன்று நல்ல விஷயங்கள் பயிற்சியைச் செய்தார்கள். சராசரியாகப் பதினைந்து நாட்களுக்குள் அவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் 34லிருந்து 17க்கு இறங்கியது என்று 2006ல் எழுதினார். கேட்கவே பிரமிப்பாக இருக்கிறது, இல்லையா? நானும் முதலில் படித்தபோது அசந்துதான் போனேன்.

ஆனால் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்த 50 பேருக்கு ஒப்பிட்டுப் பார்க்க டம்மிக் குழு இல்லை. ஒருவர் எப்போது பணம் கட்டி இப்படி ஒரு தளத்தில் சேருவார்? மனம் மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான். அக்னி நட்சத்திரத்தின் உச்சத்தில் ஒரு தாயத்தைக் கட்டிக் கொண்டால், அடுத்த மாதம் வெயில் குறையத்தான் செய்யும். தாயத்தும் பெயர் வாங்கிக் கொள்ளும். அந்தப் பயிற்சியும் தாயத்துதான் என்று நான் சொல்லவில்லை. பலனில் எவ்வளவு பயிற்சியுடையது, எவ்வளவு காலத்துடையது என்று அந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. செலிக்மன் குழுவினரே அதை ஒப்புக் கொண்டிருக்கிறார்கள்.

2012ல் கனடாவில், டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005 ஆய்வை மீண்டும் செய்து பார்த்தார்கள். ஒரு சின்ன மாற்றம்: டம்மிப் பயிற்சியில் வெறும் சிறுவயது நினைவுகளோடு, இன்பமான சிறுவயது நினைவுகளை எழுதும் குழு ஒன்றையும் சேர்த்தார்கள். பயிற்சி செய்தவர்களின் மகிழ்ச்சி கூடியது உண்மை. ஆனால் இன்ப நினைவுகளை எழுதியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு கூடியது. மனச்சோர்வு குறைந்ததிலோ, டம்மிக் குழுவுக்கும் பயிற்சிக் குழுவுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

நெதர்லாந்தில் ட்ரிம்போஸ் நிறுவனத்தார் உருவாக்கிய சைஃபிட் என்ற புரோகிராம் லேசான, நடுத்தர மனச்சோர்வு உள்ளவர்களுக்காகவே பாசிட்டிவ் சைக்காலஜியை அடிப்படையாக வைத்துத் தயாரிக்கப்பட்டது. 284 பேரிடம் சோதித்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள். காத்திருந்தவர்களைவிடப் பயன்படுத்தியவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது, மனச்சோர்வும் குறைந்தது. ஆனால் அங்கேயும் பழைய கதை. சேர்ந்தவர்களில் பாடங்களை ஒழுங்காக முடித்தவர்கள் மிகக் குறைவு.

இரண்டாவது பாடம் ஏன் முடிவதில்லை?

நான் சொன்ன நண்பர் இரண்டாவது பாடத்தில் நின்றார் என்றேன். அவர் தனி ஆள் அல்ல. மூட்ஜிம்மில் தானாகவே வந்து பதிவு செய்த பொதுமக்களில் இரண்டு பாடங்களாவது முடித்தவர்கள் ஆறில் ஒருவர்கூட இல்லை. அதே மூட்ஜிம்மை ஆய்வுக்காகப் பயன்படுத்தியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் இரண்டு பாடங்களைத் தாண்டினார்கள். வெப்சைட் ஒன்றுதான், பாடங்கள் ஒன்றுதான். வித்தியாசம்? ஆய்வில் இருந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை ஒரு ஆள் போன் செய்தார். டாக்டர் அல்ல, சாதாரணப் பயிற்சி பெற்ற ஒருவர். இந்த வாரம் எந்தப் பக்கம், எப்படிப் போகிறது என்று கேட்டார், அவ்வளவுதான். 525 பேரிடம் நடந்து 2004ல் வெளியான அந்த ஆய்வில் மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது.

பிரிட்டனில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பீட்டிங் த ப்ளூஸ் என்ற புரோகிராமை 2006ல் அந்நாட்டு அரசின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், லேசான மற்றும் நடுத்தர மனச்சோர்வுக்குப் பரிந்துரைத்தது. எட்டுப் பாடங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பிறகு அதையும் மூட்ஜிம்மையும் சாதாரண டாக்டர் கவனிப்போடு ஒப்பிட்டு, யார்க் நகர ஆய்வாளர்கள் 691 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவு 2015ல் வந்தது. டாக்டர் கவனிப்போடு புரோகிராமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்கள், வெறும் டாக்டர் கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட நான்கு மாதம் கழித்துக் கொஞ்சமும் மேலாக இல்லை. எல்லாப் பாடங்களையும் முடித்தவர்கள் பீட்டிங் த ப்ளூஸில் 18 சதவீதம், மூட்ஜிம்மில் 16 சதவீதம்தான். இவர்களுக்கும் போன் வந்தது. ஆனால் அது கம்ப்யூட்டரில் சிக்கல் உண்டா என்று கேட்கும் சில நிமிட அழைப்பு.

அதே குழு அடுத்து ஒன்று செய்தது. மூட்ஜிம்மோடு, பாடத்தைப் பற்றியே பேசி ஊக்குவிக்கும் முறையான போன் அழைப்புகளைச் சேர்த்தார்கள். 2017ல் வெளியான முடிவில், அப்படி உதவி பெற்றவர்கள் நான்கு மாத முடிவில், பெயரளவு உதவி மட்டும் பெற்றவர்களைவிட மேலாக இருந்தார்கள்.

இந்த ஆய்வுகளையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. இந்தப் புரோகிராம்கள் போலி அல்ல. மருந்தும் அல்ல. கைடு புத்தகம் மாதிரி. வாங்கி வைத்தால் பாஸ் ஆக முடியாது. ஆனால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து 'இன்று எத்தனை பக்கம்?' என்று கேட்டால் அதே புத்தகம் வேலை செய்யும். மனச்சோர்வின் அடிப்படைக் குணமே எதையும் தொடங்க விடாமல், தொடங்கியதை முடிக்க விடாமல் செய்வதுதானே? அந்த நோய் உள்ளவரிடம் எட்டு வாரம் தானாக லாக்-இன் செய்யுங்கள் என்பது, கால் ஒடிந்தவரிடம் ஆஸ்பத்திரிக்கு நடந்து வாருங்கள் என்பது போலத்தான்.

நீங்கள் முயற்சி செய்வதானால்

லேசான சோர்வு, டாக்டரும் ஆட்சேபிக்கவில்லை, முயன்று பார்க்கலாம் என்று நினைக்கிறீர்களா? தாராளமாகச் செய்யலாம். தளத்தைத் திறக்கும் முன்பே ஒருவரைப் பிடித்துவிடுங்கள். மனைவி, கணவர், அக்கா, பழைய அலுவலக நண்பர், யாராக இருந்தாலும் சரி. "ஞாயித்துக்கிழமை காலையில போன் பண்ணி, இந்த வாரம் என்ன பண்ணினேன்னு கேளு" என்று சொல்லி வையுங்கள். உங்கள் மனதில் என்ன ஓடுகிறது என்பதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. எத்தனையாவது பாடம் என்று சொன்னால் போதும்.

தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அதை நடத்துவது யார் என்று பாருங்கள். முகப்புப் பக்கத்தின் அடியில் 'எங்களைப் பற்றி' என்ற லிங்க் இருக்கும். பல்கலைக்கழகமா, மருத்துவமனையா, கம்பெனியா என்று அதில் தெரியும். நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் புஷ்-டி என்ற பெயரில் மனச்சோர்வுக்கான ஒரு சுயஉதவிப் புரோகிராமை ஆங்கிலத்தில் உருவாக்கியது. இந்தியச் சூழ்நிலைக்காகவே எழுதப்பட்டது என்பது அதன் சிறப்பு. பதினைந்து நாளில் மகிழ்ச்சி, நூறு சதவீத கேரண்டி என்று எழுதியிருந்தால் அடுத்த டேபுக்குப் போய்விடுங்கள்.

பிரைவசி பாலிசி என்ற பக்கத்தை யாரும் படிப்பதில்லை. இங்கே மட்டும் படியுங்கள். ஆன்லைனில் மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், வாடிக்கையாளர்கள் கொடுத்த தகவல்களை விளம்பரத்திற்காக பேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுடன் பகிர்ந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023ல் 78 லட்சம் டாலர் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக் கொண்டது. ஒரு சின்ன யோசனை: இதற்கென்று தனியாக ஒரு இமெயில் கணக்கு தொடங்கி, அதைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பேஸ்புக் கணக்கு மூலம் லாக்-இன் செய்யும் பட்டனைத் தொடவே வேண்டாம்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே கம்ப்யூட்டர் என்றால் விண்டோஸில் உங்களுக்கென்று தனி யூசர் அக்கவுண்ட் உருவாக்கி பாஸ்வேர்ட் போட்டுக் கொள்ளலாம். பிரவுசரில் பார்த்தவற்றை அழிக்க கண்ட்ரோல், ஷிப்ட், டெலீட் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. அந்த நண்பர் பைல்களை டெஸ்க்டாப்பில் போட்டு வைத்திருந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. ஒருவேளை யாராவது பார்க்கட்டும் என்றுதான் அங்கே வைத்தாரோ என்னவோ.

தளங்கள் என்றும் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். உளவியல் ஆய்வாளர் ஒருவர் தொடங்கி 2017ல் வெளிவந்த வோபாட் என்ற அரட்டை புரோகிராம், சிபிடி முறையில் மனச்சோர்வுக்குப் பயிற்சி தந்து மிகவும் புகழ்பெற்றது. 2025 ஜூன் 30 அன்று அதன் ஆப் மூடப்பட்டது. எனவே பயனுள்ள பயிற்சித் தாள்களை அவ்வப்போது பிரிண்ட் எடுத்தோ, பிடிஎப் ஆக சேவ் செய்தோ வைத்துக் கொள்ளுங்கள்.

நோட்பேட் போதும்

உண்மையில் மூன்று நல்ல விஷயங்கள் பயிற்சிக்கு எந்த வெப்சைட்டும் தேவையில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸோடு வரும் நோட்பேட் போதும். திறந்து எஃப்5 கீயை அழுத்துங்கள். அன்றைய தேதியும் நேரமும் தானாக வந்து விழும். அதன் கீழ் மூன்று வரி. 'காபி நன்றாக இருந்தது' என்று எழுதினால் கூடப் பரவாயில்லை, ஆனால் ஏன் என்றும் எழுத வேண்டும். பக்கத்து வீட்டம்மா புதிதாக அரைத்த பொடி கொடுத்தார், அதனால். அந்த 'அதனால்' தான் பயிற்சியே. உங்கள் நாளில் வேறொருவர் இருக்கிறார் என்று அது காட்டிக் கொடுத்துவிடும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 நோட்பேடில் அப்படியே சேவ் செய்தால், அடுத்த முறை திறக்கும்போது தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக நிற்கும். சேவ் ஆஸ் விண்டோவின் அடியில் என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2019க்குப் பின் வந்த விண்டோஸ் 10 பதிப்புகளிலும் விண்டோஸ் 11லும் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். மூன்று நல்ல விஷயம் தேடி ஒன்றும் கிடைக்காமல், அதற்காகவும் உங்களையே திட்டிக் கொள்ளும் நிலை வந்தால் உடனே நிறுத்துங்கள். தோற்றது நீங்கள் அல்ல. இது அந்தக் கட்டத்திற்கான பயிற்சி இல்லை. டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம் என்று அர்த்தம்.

கம்ப்யூட்டரை மூடிவிட்டு அழைக்க வேண்டிய எண்கள்

மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. எண் 14416. கட்டணம் இல்லை, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044 24640050. இலங்கை வாசகர்கள் அங்குள்ள தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணை அழைக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. இந்த எண்களை மொபைலில் சேவ் செய்து கொள்ளுங்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும் யாருக்காவது தேவைப்படும்.

அன்று அந்த நண்பரிடம் நான் ஒன்பதாவது கேள்விக்கு என்ன பதில் போட்டீர்கள் என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகி விடுமோ என்று பலருக்குப் பயம். ஆகாது. மனநல டாக்டர்களே கேளுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். அவர் கொஞ்ச நேரம் மானிட்டரையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "ரெண்டு போட்டேன் சார்" என்றார். அன்று இரவு அவர் வீட்டிலேயே தங்கினேன். மகனுக்கு வீடியோவில் பேசினோம். மறுநாள் காலை இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போய் ஓபி சீட்டு வாங்கினோம்.

மாத்திரை எடுத்துக் கொண்டு ஆறேழு வாரம் ஆன பிறகு, அந்தப் பாடங்களை மறுபடி தொடரலாமா என்று அவரே டாக்டரிடம் கேட்டிருக்கிறார். செய்யுங்கள், ஆனால் தனியாக வேண்டாம் என்றாராம் டாக்டர். இப்போது சனிக்கிழமை இரவு மகன் கூப்பிட்டு, "அப்பா, எத்தனாவது பாடம்?" என்று கேட்கிறார். போன வாரம் நான்காவது.

கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் ஸ்லோதான். ராம் கூடுதலாகப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.